எடைக் குறைப்பும் சனிக்கிழமை மதுவும்

கேள்வி:
வணக்கம். இரவுச் சோற்றைக் குறைத்து, தினமும் ஒரு மணி நேரம் நடந்து, மூன்று மாதங்களில் நான்கு கிலோ குறைத்தேன். ஆனால் ஐந்து வாரங்களாக எடை அசையவில்லை. சனிக்கிழமைகளில் ஒரு குவாட்டர் பிராந்தி அருந்துவதை மட்டும் நான் விடவில்லை. அதில் சர்க்கரை இல்லையே, அதுவா காரணம்?

மறுமொழி 1:
சர்க்கரை இல்லாவிட்டாலும் ஆற்றல் இருக்கிறது, ஐயா. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி என்றால், ஒரு கிராம் ஆல்கஹாலில் 7. ஏறத்தாழ 43 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 180 மி.லி. பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருப்பதால், அதிலிருந்தே 420 கலோரி சேர்ந்துவிடும். உடலால் ஆல்கஹாலைச் சேமித்துவைக்க முடியாது என்பதால் கல்லீரல் அதையே முதலில் எரிக்கிறது. அது தீரும்வரை கொழுப்பு எரிவது மந்தமாகி, உடன் உண்ட சில்லி சிக்கனின் எண்ணெய் எளிதாக உடலில் தங்கிவிடுகிறது.

மறுமொழி 2:
என் அனுபவத்தில் மதுவைவிடத் தொடுகறியும், நள்ளிரவில் உண்ட பரோட்டாவும், தூக்கம் கெட்டதால் ஞாயிற்றுக்கிழமை தவறிய நடையுமே பெரிய இழப்பாக இருந்தன. ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள்.

மறுமொழி 3:
ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கலோரியைச் சரிக்கட்ட இரவு உணவைத் தவிர்த்துவிட்டுக் குடிக்காதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில நீரிழிவு மாத்திரைகளை உண்பவர்களுக்கும் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.