பொருள்: அப்கிரேடு — ‘மேம்படுத்தல்’ போதுமா? ‘படியேற்றம்’ என்று ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு மன்னார்குடியிலிருந்து வணக்கம்.

கணினியின் இயங்குதளத்தை (விண்டோஸ், உபுண்டு போன்ற அடிப்படை மென்பொருளை) அடுத்த பதிப்புக்கு மாற்றுகிற அப்கிரேடு என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை மேம்படுத்தல், தரமுயர்த்தல், நடவு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும், பத்திரிகை வடிவமைப்பு, பயிர்க் காப்பீட்டுப் பதிவு, கணினி வேலை எல்லாம் பார்க்கிற என் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் வாக்கு நாலாவது ஒரு சொல்லுக்கு: படியேற்றம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எந்த வேலைக்குச் சொல் தேடுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு என்றாலும், மாறித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்தில் அது எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்கே தெரியும். குறுவை அறுப்பு, தீபாவளி, அடைமழை, அதன் பின்னாலேயே நவம்பர் நடுவில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வாசல்வரை நிற்கிற பருவம். அதில்தான் கடைக் கணினிகளின் இயங்குதளத்தை மாற்றினேன். ஒரு கணினியில் விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் தேவையான செயலியும் இருந்தன. அது இருந்தபடியே விண்டோஸ் 11-க்குப் போய்விட்டது. இன்னொன்று பழசு, அந்தத் தகுதிக்குள் வரவில்லை. அதன் வட்டைத் துடைத்துவிட்டு உபுண்டு 24.04 என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இந்தச் சொல் விவகாரம் எனக்கு உறைத்தது. விண்டோஸ் 11 வந்த கணினியில் கண்ணுக்குப் பட்டதெல்லாம் மேலோட்டமான மாற்றம். ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையை விட்டு நடுவுக்கு வந்திருக்கிறது (அமைப்பில் போய் இடப் பக்கமே தள்ளிக்கொள்ளலாம், நான் அதைத்தான் முதலில் செய்தேன்). வலது சொடுக்கினால் விழுகிற பட்டியல் சுருங்கியிருக்கிறது. வெட்டு, நகலெடு, ஒட்டு, பெயர்மாற்று எல்லாம் பழையபடி வரிக்கு வரி இல்லாமல் ஒரே வரிசையில் சின்னப் படங்களாக நிற்கின்றன. பழைய நீளப் பட்டியல் வேண்டுமென்றால் அடியில் இருக்கிற வரியைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். பத்திரிகை வடிவமைக்கிற தங்கை முதல் இரண்டு நாள் பெயர்மாற்றப் படத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள். பிறகு விசைப்பலகையில் எப்2 விசையை அழுத்தப் பழகிக்கொண்டாள். ஆனால் கோப்பு ஒன்றுகூட இடம் மாறவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கோப்புறைகள், காதணி விழா அழைப்பிதழ்கள், பழைய எழுத்துருக்கள், திரைப் பின்னணியில் இருந்த ராஜகோபாலசுவாமி கோயில் கோபுரப் படம் வரை எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

உபுண்டு போட்ட கணினியில் நேர்மாறு. பளிச்சென்று, வேகமாக, முழுக்க வெறுமையாக வந்து நின்றது. தமிழ்99 விசைப்பலகையை நாமே உள்ளீட்டு மூலங்களில் சேர்க்க வேண்டும். காப்பு நகலிலிருந்து கோப்புகளைக் கொண்டுவந்து திறந்தால், ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்தவை அப்படியே தெரிந்தன. பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்தவை, அந்தந்த எழுத்துருவை நிறுவுகிறவரை, ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த கலவையாகத்தான் தெரிந்தன. ஒருங்குறிக்கு மாறச் சொல்லி இந்தக் குழுவில் எத்தனை ஆண்டாக மன்றாடுகிறோம்! அதன் பலனை அன்றைக்கு ஒரே திரையில் பார்த்தேன்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். முதல் கணினியில் நடந்தது ஒரு வேலை, இரண்டாவதில் நடந்தது வேறொரு வேலை. இரண்டுக்கும் ‘மேம்படுத்தல்’ என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, மாதாமாதம் வருகிற சின்ன அப்டேட்டையும் சிலர் மேம்படுத்தல் என்கிறார்கள்.

‘மேம்படுத்தல்’ மீது எனக்குள்ள பெரிய மறுப்பு இதுதான்: அது செயலைச் சொல்லவில்லை, சான்றிதழ் கொடுக்கிறது. கணினியில் விழுக்காடு ஏறிக்கொண்டிருந்தபோது காப்பீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், “என்ன தம்பி, சுத்திக்கிட்டே இருக்கு?” என்றார். “கணினியை மேம்படுத்துறோம் ஐயா” என்றேன். “ஏன், முன்னே மோசமாவா இருந்துச்சு?” என்று கேட்டார். அவர் கேள்வியில் தப்பே இல்லை. மேம்படுத்துகிறோம் என்றால் முன்பு மட்டம், இனி மேல் என்றுதானே பொருள்? பதிப்பு மாறிய பிறகு சிலருக்கு வேகம் கூடும், சிலருக்கு அச்சுப்பொறி ஓடாது. நல்லதா கெட்டதா என்பதைப் பயன்படுத்துகிறவர் சொல்லட்டும். கலைச்சொல் என்ன நடந்தது என்பதைச் சொன்னால் போதும்.

கும்பகோணம் ஆசிரியை அம்மா எழுதியிருந்தது:

> தரமுயர்த்தல் ஏற்கெனவே வழக்கில் இருக்கும் சொல். பள்ளிகளைத் தரம் உயர்த்துகிறார்கள். எங்கள் ஊர் 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது என்றுதான் எல்லாச் செய்தித்தாளும் எழுதியது. மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஏன் தேட வேண்டும்?

அம்மா, வழக்கிலுள்ள சொல்லுக்கே முதல் மரியாதை என்பதில் நான் உங்கள் கட்சிதான். ஆனால் நகராட்சி மாநகராட்சி ஆகும்போது மாறுவது தகுதிநிலை. அதற்குத் தரம் உயர்த்தல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இயங்குதளத்தில் மாறுவது பதிப்பு. இந்த வேறுபாடு எதிர்ச்சொல்லில் வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. விண்டோஸ் 11-க்குப் போனவர் பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். அதற்காகப் பழைய இயங்குதளத்தின் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் அதுவே எடுத்து வைத்திருக்கும். எங்கள் கடையின் பழைய அச்சுப்பொறிக்குப் புது இயக்கிநிரல் (டிரைவர்) கிடைக்காமல் போயிருந்தால் நானும் திரும்பித்தான் இருப்பேன். (கிடைத்தது.) அப்படித் திரும்புவதைத் ‘தரமிறக்கம்’ என்பதா? அவர் எதன் தரத்தையும் குறைக்கவில்லை, தன் தொழில் ஓட வேண்டும் என்று ஒரு பதிப்பு கீழே வந்திருக்கிறார். ‘மேம்படுத்தல்’ என்பதற்கோ எதிர்ச்சொல்லே சரியாக அமையவில்லை. ஒரு கலைச்சொல்லை எடுத்தால் அதன் எதிரையும் கூடவே எழுதிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பாதிச் சொற்கள் அங்கேயே விழுந்துவிடும்.

திருவையாற்று நண்பரின் ‘நடவு’தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர் வாதம் அழகானது:

> நாற்றங்காலில் வளர்ந்ததைப் பறித்து முடி கட்டி வேறு வயலில் நடுகிறோம். பயிர் அதேதான், மண் புதுசு. ஒரு வாரம், பத்து நாள் வெளிறிக் கிடந்துவிட்டுப் பிறகு பச்சை பிடிக்கிறது. இயங்குதளம் மாறும்போதும் அதுதானே நடக்கிறது?

படித்ததும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. விண்டோஸ் தருகிற 10 நாள் கெடுவும் பச்சை பிடிக்கிற நாள் கணக்கும் ஒன்றாக அமைந்தது வேறு மனதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் நடவில் நாற்று இடம் பெயர்கிறது. அப்கிரேடில் எதுவும் இடம் பெயரவில்லை. பயிர் நின்ற இடத்திலேயே நிற்க, அடியிலிருக்கும் மண் மட்டும் மாறுகிறது. ஆகவே நடவு என்ற சொல் பொருந்துவது தரவை வேறிடத்துக்குக் கொண்டுபோகிற மைகிரேஷனுக்கு. பழைய கணினியின் கோப்புகளைப் பறித்து உபுண்டுவில் கொண்டுபோய் வைத்தேனே, அதுதான் நடவு. ‘தரவு நடவு’ என்று இன்றைக்கே எழுதத் தொடங்கலாம். இப்போது புழங்கும் ‘இடப்பெயர்வு’ மனிதருக்கும் பறவைக்கும் இருக்கட்டும். இந்தச் சொல்லைக் கொடுத்ததற்காக நண்பருக்கு நன்றி. ‘பச்சை பிடித்தல்’ என்பதையும் விட்டுவிட மனமில்லை. பதிப்பு மாறிய முதல் சில நாள் கணினி தேடல் அட்டவணையை மறுபடி கட்டிக்கொண்டும், இயக்கிநிரல்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டும் மந்தமாக இருக்கிறது. வாடிக்கையாளர் பதறிப் போய், “ஸ்லோவாயிடுச்சே, பழசையே போட்டுக் கொடுங்க” என்கிறார். “இன்னும் பச்சை பிடிக்கல, ரெண்டு நாள் விடுங்க” என்றால் எங்கள் பக்கத்து ஆளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சரி, படியேற்றம். இதை நான் உட்கார்ந்து உருவாக்கவில்லை. பாதிச் சொல் தெருவில் கிடக்கிறது. கணினி பழுது பார்க்கிற பையன்கள் யாரும் “மேம்படுத்தினேன்” என்று சொல்வதில்லை; “லெவன் ஏத்திட்டேன்ணே” என்பார்கள். துடைத்துப் போட்டால் “பார்மட் அடிச்சுப் போட்டேன்.” ஏற்றுவதும் போடுவதும் வேறு வேறு வேலை என்று அவர்கள் வாயில் ஏற்கெனவே பிரிந்துவிட்டது. எதை ஏற்றுகிறோம், எங்கே ஏற்றுகிறோம் என்பதைச் சேர்த்தால் கலைச்சொல் முடிந்தது.

முதலில் பதிப்பு + ஏற்றம் = பதிப்பேற்றம் என்று போட்டுப் பார்த்தேன். பொருள் துல்லியம், ஆனால் பதிவேற்றம் பக்கத்திலேயே நிற்கிறது. தொலைபேசியில் “பதிப்பேற்றம் பண்ணியாச்சா?” என்று கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் அடங்கலைத் தளத்தில் பதிவேற்றுவதைத்தான் நினைப்பார். தளவேற்றம் என்றால் கட்டடத்துக்கு மாடி எடுப்பதுபோல் இருக்கிறது. படி அப்படிக் குழப்பவில்லை. 10-லிருந்து 11 என்பது அடுத்த படி. உபுண்டுவில் இது இன்னும் கண்டிப்பு: நீண்டகால ஆதரவுப் பதிப்பு 20.04 வைத்திருப்பவர் நேராக 24.04-க்குத் தாவ முடியாது, 22.04-இல் கால் வைத்துத்தான் போக வேண்டும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர் 11-க்கு நேரே ஏற்ற வழியில்லை, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். படியைத் தாண்டினால் ஏற்றம் இல்லை என்பது தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது. சொல் அதை அப்படியே காட்டுகிறது.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. இகர ஈற்றின் முன் யகர உடம்படுமெய் வந்து படியேற்றம், முரடு தட்டாமல் சேர்கிறது. ஏறு, ஏற்று என்று தன்வினையும் பிறவினையும் கையில் இருப்பதால், “ராத்திரி தானாகப் படியேறிவிட்டது”, “நான்தான் படியேற்றினேன்” என்று இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். யாரையும் கேட்காமல் இரவோடு இரவாக மாறிக்கொள்கிற கருவிகள் பெருகிவிட்ட காலத்தில் இந்த வேறுபாடு முக்கியம். எதிர்ச்சொல் படியிறக்கம், அதில் யாருக்கும் இழுக்கு இல்லை. பொத்தானில் ‘படியேற்று’ ஐந்து எழுத்து. ‘மேம்படுத்து’ ஆறு, ‘தரமுயர்த்து’ ஏழு. கைபேசித் திரைக்கு மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஓர் எழுத்து குறைவதன் அருமை தெரியும்.

நாகப்பட்டினத்து ஐயா நேற்றுத் தனிமடலில் ஓர் ஐயம் எழுப்பினார். படி என்றால் நகல், அளவுப்படி, அகவிலைப்படி, பயணப்படி என்று பல பொருள்; ஓய்வூதியர் காதில் படியேற்றம் என்று விழுந்தால் அகவிலைப்படி கூடியதாக நினைக்கமாட்டாரா என்று கேட்டிருந்தார். நியாயமான ஐயம், நானும் அதை எடைபோட்டுப் பார்த்தேன். ஆனால் அதை அகவிலைப்படி உயர்வு என்றுதான் அரசாணையும் சொல்கிறது, தேநீர்க்கடையும் சொல்கிறது. ‘ஏற்றம்’ அங்கே வருவதில்லை. கணினித் திரையில் இயங்குதளப் பெயரை ஒட்டி வரும்போது மயக்கத்துக்கு இடமில்லை.

ஆகவே என் பரிந்துரை இப்படி அமைகிறது. மாதாந்தரச் சிறு மாற்றங்களான அப்டேட்டுக்கு, கைபேசியில் எல்லோரும் பார்த்துப் பழகிவிட்ட ‘புதுப்பித்தல்’ இருக்கட்டும். இற்றைப்படுத்தல் நல்ல சொல்தான், ஆனால் ‘புதுப்பி’யை இனிமேல் பிடுங்க முடியாது. கோப்புகளும் அமைப்புகளும் இருந்தபடி இருக்க அடுத்த பதிப்புக்குப் போவது படியேற்றம், திரும்புவது படியிறக்கம். வட்டைத் துடைத்துவிட்டுப் போடுவது புதுநிறுவல். தரவு வேறு இடத்துக்குப் போவது நடவு.

எங்கள் கடையில் தொங்கும் சேவைப் பட்டியலில் “விண்டோஸ் 11 படியேற்றம்” என்று எழுதி ஒட்டிவிட்டேன். அருகிலேயே “புதுநிறுவல்” தனி வரி, தனிக் கட்டணம். இரண்டு வரி ஆனதும் “என் போட்டோவெல்லாம் இருக்குமா, போயிடுமா?” என்ற கேள்வியை ஆட்கள் அவர்களாகவே எடுத்துவிடுகிறார்கள். காப்பு நகல் எடுப்பதைப் பற்றி நான் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை.

திறமூல மென்பொருள் மொழிபெயர்ப்பில் இருக்கிற நண்பர்கள் ‘படியேற்று’, ‘படியேற்றப்பட்டது’, ‘படியேற்றத்துக்கு 8 ஜிபி இடம் தேவை’ போன்ற தொடர்களைத் தங்கள் கோப்புகளில் இட்டு, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். பெரும்பாலோர் ஒப்பினால் விக்சனரியில் நானே பக்கம் தொடங்குகிறேன், தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கும் அனுப்பிவைக்கலாம். ஆசிரியை அம்மா, படியிறக்கம் என்ற சொல்லைப் பற்றி மட்டும் உங்கள் கருத்து எனக்குக் கட்டாயம் வேண்டும். செய்த மாற்றத்தை ரத்து செய்து முன்னிருந்த நிலைக்கே திரும்புகிற ரோல்பேக்குக்கும் அதையே வைப்பதா, ‘மீள்தல்’ என்று பிரிப்பதா என்பதில் நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

அன்புடன்,
மன்னார்குடி