பெங்காசி வழக்கு: கொலையில் விடுதலை, பிறகு 28 ஆண்டு எதற்கு?

வைகைக்கரை எழுதியது:

சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரங்குக்கு அகமது அபு கத்தாலா வழக்கை எடுத்துவிட்டு விழிக்கிறேன். 2012 செப்டம்பர் 11 இரவு லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டது. தூதர் கிறிஸ்டோபர் ஸ்டீவன்ஸ் உட்பட நால்வர் இறந்தார்கள். ஆயுதக்குழுத் தலைவரான இவர் மீது 18 குற்றச்சாட்டுகள். 2017 நவம்பரில் ஜூரி பதினான்கில் விடுதலை செய்தது. கொலைக் குற்றச்சாட்டுகள் அத்தனையும் அதில் அடக்கம். ஆனாலும் 2018-இல் 22 ஆண்டு, 2024-இல் அது 28 ஆண்டு. கொல்லவில்லை என்றால் இவ்வளவு எதற்கு? கொன்றார் என்றால் இது போதுமா? இன்னொரு நாட்டுக்குள் புகுந்து தூக்கி வந்தவரை விசாரிக்க அதிகாரம் எங்கிருந்து வந்தது?

பழைய கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி, செஷன்ஸ் நீதிமன்றத்தில் முப்பது வருடம் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நின்றவன் நான். கடைசிக் கேள்வி சுலபம், அதை முதலில் முடித்துவிடுகிறேன். பிடித்து வந்த விதம் வேறு, விசாரிக்கும் அதிகாரம் வேறு என்பது அமெரிக்காவில் 1886-இன் கெர் என்ற வழக்கிலிருந்தே ஊறிப்போன கொள்கை.

2014 ஜூனில் பிடித்து, ‘யூஎஸ்எஸ் நியூயார்க்’ போர்க்கப்பலில் 13 நாள் கடல்வழியாகக் கொண்டுபோனார்கள். முதலில் உளவுத் தரப்பினர், பேசாமலிருக்கலாம், வக்கீல் வைக்கலாம் என்பது போன்ற உரிமைகள் எதையும் சொல்லாமலே கேள்வி கேட்டார்கள். பிறகு இடைவெளி விட்டு, எஃப்பிஐயிலிருந்து வேறு ஆட்கள் வந்து, உரிமைகளைச் சொல்லிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். இந்த இரண்டாவது வாக்குமூலத்தை வழக்கை விசாரித்த நீதிபதி கூப்பர் அனுமதித்தார். நடுநிசியில் காவல் நிலையத்தில் எழுதி வாங்கிய காகிதங்களோடு மல்லுக்கட்டியே நரைத்தவன் என்பதால், இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

இனி கொலைக்கு வருகிறேன். ஸ்டீவன்ஸும் தூதரக ஊழியர் ஷான் ஸ்மித்தும் குண்டடிபட்டுச் சாகவில்லை. ஜெனரேட்டருக்கென்று வளாகத்திலேயே வைத்திருந்த டீசலை ஊற்றி வீட்டைக் கொளுத்தினார்கள். புகையில் இருவரையும் வெளியே அழைத்துப்போகப் பாதுகாப்பு அதிகாரி தரையோடு ஊர்ந்தார். பின்னால் வருகிறார்கள் என்று நினைத்தார், வரவில்லை. திரும்பத் திரும்ப உள்ளே போய்த் தேடியும் கிடைக்கவில்லை. மற்ற இருவர் இறந்தது விடியும் வேளையில், ஒரு மைல் தள்ளி சிஐஏ இருந்த கட்டடத்தில், மோர்ட்டார் குண்டால்.

அபு கத்தாலா கேமராவில் தெரிவது நள்ளிரவை ஒட்டி, தீ வைத்து நெடுநேரம் ஆன பிறகு. அது போக அரசுத் தரப்பிடம் இருந்த சான்றுகள், தொலைபேசி அழைப்புப் பதிவுகள். 70 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு அவரோடு பழகிய ஓர் உளவாளி. குறுக்கு விசாரணைக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் எந்த வக்கீலும் அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிடுவான்.

இத்தனையும் கேட்ட ஜூரி கொலையை ஏற்கவில்லை. ஒப்புக்கொண்டவை நான்கு: பயங்கரவாதத்துக்கு உதவச் சதி செய்தது, அந்த உதவியைச் செய்தது, உயிர்களுக்கு ஆபத்து வரும்படி கட்டடத்தை அழித்தது, குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தது. 2018-இல் முதல் மூன்றுக்கும் சேர்த்து 12 ஆண்டு. துப்பாக்கிக்குத் தனியாக 10.

மணல்காற்று எழுதியது:

நான் சட்டம் படித்தவனில்லை. 2011 கலவரம் வரை பெங்காசியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் கணக்கெழுதினேன், பிறகு கப்பலேறி அலெக்சாண்ட்ரியா வழியாக ஊர் வந்து சேர்ந்தேன். ஐயா சொல்லாத ஒன்று உண்டு. லிபியாவை ஆண்ட கடாபிக்குப் பிறகு அங்கே போலீஸ் வேலையையே ஆயுதக்குழுக்கள்தான் பார்த்தன. அந்தத் தூதரக வளாகத்தின் காவலிலும் ‘பிப்ரவரி 17’ என்ற குழுவின் ஆட்கள் இருந்தார்கள். தாக்குதல் நடந்து ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருக்கும், இந்த அபு கத்தாலா பெங்காசியின் ஆடம்பர ஓட்டல் ஒன்றின் முற்றத்தில் உட்கார்ந்து ஸ்ட்ராபெரி பானம் குடித்தபடி ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபரிடம் பேசினார். ஒளியவே இல்லை. அப்படிப்பட்ட ஊரில் “இவர்தான் கொளுத்தச் சொன்னார்” என்று கூண்டேறிச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

வைகைக்கரை எழுதியது:

நன்றி ஐயா. இதுவே நம் ஊரில் நடந்திருந்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-ஆவது பிரிவில் மொத்தக் கும்பலும் கொலைக்குப் பதில் சொல்லியிருக்குமே?

பழைய கறுப்புக்கோட்டு எழுதியது:

சரியாகப் பிடித்தாய். பொது நோக்கத்தோடு கூடிய கூட்டத்தில் ஒருவன் செய்தால் எல்லோரும் செய்ததுதான் என்கிற வலை நம்முடையது. அதில் ஓரமாக நின்றவர்களும் சிக்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், எனவே அதை ரொம்பவும் மெச்சாதே. அங்கே சதியால் மரணம் விளைந்ததா என்பது ஜூரி தனியாகத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. ஆம் என்றிருந்தால் அந்தச் சதிக்கே ஆயுள் வரை கொடுத்திருக்கலாம். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மரண தண்டனை கேட்கப்போவதில்லை என்று அரசுத் தரப்பு முன்பே விலகிக்கொண்டது.

28 வந்த கதை இதுதான்: இரு தரப்பும் மேல்முறையீடு போயின. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்துக்கொண்டு, 22 ஆண்டு நியாயமில்லாத அளவுக்குக் குறைவு என்று திருப்பி அனுப்பியது. தூதரகத்தைத் தாக்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு உரிய எடை தரப்படவில்லை என்பது அவர்கள் குறை. அரசுத் தரப்பு அறுபதுக்கு மேல் கேட்டது. கூப்பர் 12-ஐ 18 ஆக்கினார். துப்பாக்கிக்குரிய 10-இல் கை வைக்கவில்லை.