அப்பாவின் குடற்புண்ணும் ஒன்பதாம் நாளில் நின்ற மாத்திரைகளும்

கேள்வி: வண்ணாரப்பேட்டை மகன்

என் அப்பாவுக்கு வயது 61. துறைமுகத்தில் சுமைப்பணி செய்து ஓய்வு பெற்றவர். நள்ளிரவில் வயிறு எரிந்து எழுந்து, இரண்டு பிஸ்கட்டும் ஒரு மூடி ஜெலுசிலும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுப்பது எங்கள் வீட்டில் யாரும் பொருட்படுத்தாத வழக்கமாகிவிட்டது. சென்ற மாதம் எண்டோஸ்கோபி செய்ததில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. இரைப்பையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை வைத்த சிறு தட்டு மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறியதால், ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகச் சொல்லி, பிஸ்மத் உள்ளிட்ட நான்கு வகை மருந்துகளை 14 நாட்களுக்கு எழுதித் தந்தார்கள். ஒன்பதாம் நாள் எரிச்சல் நின்றதும், வாயெல்லாம் துருப்பிடித்த இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது, மலமும் கறுப்பாகப் போகிறது என்று சொல்லி, அப்பா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அந்தக் கறுப்பு இரத்தமா? லாரித் தண்ணீரால் இது வந்திருக்குமா? வீட்டில் அனைவரும் பரிசோதிக்க வேண்டுமா? என் தங்கைக்கு (வயது 27) இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, மாத்திரை சாப்பிட்டும் தீராமல் இருக்கிறது.

பதில் 1: எண்டோஸ்கோபி அறையில் பணிபுரிந்தவன்

பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும். அந்த நான்கில் பொதுவாக இருக்கும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாயில் அந்த உலோகச் சுவையைத் தரும். மருந்து முடிந்தால் இரண்டும் மறைந்துவிடும். ஆனால் தார் போலப் பிசுபிசுத்து, குடலைப் புரட்டும் நாற்றத்துடன் போனாலோ, எழுந்து நின்றதும் தலைசுற்றினாலோ அது புண்ணிலிருந்து கசியும் இரத்தமாக இருக்கக்கூடும். அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எரிச்சல் நின்றது என்பதும் கிருமி ஒழிந்தது என்பதும் ஒன்றல்ல. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே எரிச்சலை அடக்கிவிடும். கிருமியோ, யூரியாவை அம்மோனியாவாக உடைத்துத் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்திற்குள் பதுங்கியிருக்கும். தட்டு நிறம் மாறியதும் அந்த அம்மோனியாவால்தான். ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டால், மிஞ்சும் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடக்கூடும். மீதி மாத்திரைகளை நீங்களாகத் தொடர வேண்டாம். ஒன்பது நாட்கள்தான் சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குடற்புண்ணுக்குக் காரத்தையும் கவலையையும் குறைசொல்லிவந்த காலத்தில், 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இக்கிருமியை வளர்த்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் தாமே அதைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் போன்றவையும் இதே புண்ணை உண்டாக்கும். அப்பாவின் சட்டைப்பையைப் பாருங்கள்.

பதில் 2: காசிமேட்டுச் சகோதரி

லாரித் தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சிறுவயதிலேயே, வீட்டினருக்குள் வாய்வழியாகவோ அசுத்தமான நீராலோ இது தொற்றிவிடுகிறது என்பதால், அப்பாவுக்கு எந்தக் குடத்துத் தண்ணீரில் வந்தது என்று இப்போது தேடிப் பயனில்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை. உங்கள் தங்கையின் நிலை வேறு. காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவுக்கும் இக்கிருமிக்கும் தொடர்புண்டு என்பதால் அவரைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எனக்குக் கிருமி ஒழிந்த பிறகும் நெஞ்செரிச்சல் போகவில்லை. அமிலம் மேலேறி வருவது தனி நோய் என்று மருத்துவர் விளக்கும்வரை, சிகிச்சை வீணாயிற்று என்றே புலம்பிக்கொண்டிருந்தேன். கிருமி ஒழிந்ததா என்பதை மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து மூச்சுப் பரிசோதனை போன்றவற்றால் அறிய வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனை, கிருமி போன பிறகும் நெடுநாள் ‘உண்டு’ என்றே காட்டும். மூச்சைப் பையில் ஊதுவதற்கு முன்னர் இரண்டு வாரங்கள் பான்டோபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தாமல் போனதால் திருப்பி அனுப்பப்பட்டேன்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. மலம் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது, தலைசுற்றலும் இல்லை. சட்டைப்பையில் தோள்வலி மாத்திரை ஒரு அட்டை இருந்தது, அதில் நான்கு காலி. ‘பக்கத்துக் கடைக்காரர் கொடுத்தது, அது வயிற்று மாத்திரை இல்லையே’ என்கிறார் அப்பா. திங்கட்கிழமை அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்கிறோம்; தங்கையும் உடன் வருகிறாள்.