புதுப்பிப்பு: தம்பியின் கணினிக்கு மதர்போர்டு வாங்கியாச்சு

ஏஎம்டியின் ரைசன் 5 7600 செயலிக்கு ஏ620, பி650, எக்ஸ்670 ஆகிய மதர்போர்டு வகைகளில் எது காசுக்கு ஏற்றது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னும் சற்றுச் சிறிய அளவு பி650 ஒன்றை எடுத்துவிட்டோம்.

எக்ஸ்670-இல் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் போர்ட்டுகளும் பிசிஐஇ லேன்களும் (கார்டு, எஸ்எஸ்டிக்கான தரவுப் பாதைகள்)தான். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, இரண்டு எஸ்எஸ்டி வைக்கும் தம்பிக்கு அது தேவையில்லை.

ஏ620-தான் யோசிக்க வைத்தது. 7600 வெறும் 65 வாட் செயலி, அதற்கு ஏ620 வகையே போதும். ஆனால் இந்தச் செயலி பொருந்தும் ஏஎம்5 சாக்கெட்டை 2027-க்குப் பிறகும் ஆதரிப்பதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளை 12 கோர் செயலிக்கு மாறினால் சுமை முழுக்க, செயலிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி மேல்தான் விழும். மலிவான ஏ620 போர்டுகள் பலவற்றில் அதன் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க்கே இல்லை. ஏர்கான் போடாத நம்மூர் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் அதை நம்ப எனக்கு மனமில்லை.

ரைசன் 9000 வரிசைச் செயலி வாங்குகிறவர்கள், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் அதில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய பயாஸ் புதிய செயலியை அடையாளம் காணாமல் போகலாம்; பொத்தான் இருந்தால், பழைய இருப்பில் உள்ள பி650-ஐ, செயலி பொருத்தாமலேயே யூஎஸ்பி டிரைவ் வழியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அப்புறம், முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கலாம். டிடிஆர்5 மெமரி டிரெய்னிங் (ரேமுக்கு ஏற்ற அமைப்பைச் சோதித்துத் தேர்வது) நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள். பிறகு பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்குங்கள், இல்லாவிட்டால் 6000 வேக ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடும்.