பழைய காருக்கு எந்த கியர் ஆயில்? 90 ஊற்றியவர்களும் 140 ஊற்றியவர்களும்

தருமபுரியிலிருந்து:

என்னிடம் இருப்பது 1999 மாடல் சின்ன கார். முன்சக்கர டிரைவ், ஐந்து கியர். மார்கழி, தை மாதக் காலையில் வண்டியை எடுத்தால் ஒன்றிலிருந்து இரண்டாவது கியர் லேசில் விழாது. லீவரை அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் காத்திருந்தால்தான் உள்ளே போகும். வண்டி சூடானதும் சரியாகிவிடும். அதோடு மூன்றாவது, நான்காவது கியரில் மெல்லிய ஊளைச் சத்தமும் உண்டு.

பட்டறையில் சொன்ன முதல் யோசனை 140 ஆயில், அதாவது 90ஐவிடக் கெட்டியான ஆயில். லாரி ஓடும் சேலம் ரோட்டை ஒட்டிய ஊர் இது. சத்தம் என்றாலே கெட்டி ஆயில்தான் மருந்து என்று பழகிப்போன கைகள் இங்கே நிறைய. சத்தம் குறையும் என்பதும் பொய்யில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆயில் படலம் தடிமனாக நிற்பதால் ஊளை அமுங்கும். ஆனால் எனக்குப் பெரிய தொல்லை சத்தம் அல்ல, காலையில் விழாத கியர். சிங்க்ரோ ரிங் கியரின் கூம்பைப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். அதற்கு நடுவில் இருக்கும் ஆயில் சட்டென்று விலக வேண்டும். கெட்டி ஆயில் மெதுவாகத்தான் விலகும். இந்த வண்டிக்கு 140 ஊற்றினால் காலைத் தொல்லை கூடத்தான் செய்யும் என்று மறுத்துவிட்டேன்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறது. முதலாவது கெட்டித்தன்மை, ஜிஎல் என்பது பற்களைக் காக்க ஆயிலில் சேர்க்கும் மருந்தைப் பொறுத்த வகை. உள்ளே இருந்தது முந்தைய உரிமையாளர் ஊற்றிய 80டபிள்யூ-90. பின்னால் வரும் 90 சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மை, அது இரண்டுக்கும் ஒன்றுதான். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 80டபிள்யூவை மைனஸ் 26 டிகிரியிலும் 75டபிள்யூவை மைனஸ் 40 டிகிரியிலும் சோதிப்பார்கள். அந்தக் குளிர் நம்மூருக்கு வரப்போவதில்லை. இருந்தாலும் பனிக்காலக் காலையில் வித்தியாசம் கைக்கே தெரிகிறது. 75டபிள்யூ-90க்கு மாற்றிய பிறகு இரண்டாவது கியர் முதல் தள்ளிலேயே போகிறது. ஊளை மட்டும் அப்படியே இருக்கிறது. தேய்ந்த பேரிங்கை எந்த ஆயிலும் புதிதாக்காது.

கடையில் "ஜிஎல்-5 தான் உசத்தி, எண் பெரிசு" என்று எடுத்து நீட்டினார்கள். உசத்தி தாழ்த்தி என்று இதில் எதுவும் இல்லை. ஜிஎல்-5 பின் ஆக்சில் டிஃபரன்ஷியலுக்கானது, அதாவது இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பாகத்துக்கு. கிரவுன்-பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியபடியே பாரம் தாங்குவதால் அதில் கந்தகம்-பாஸ்பரஸ் மருந்து ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். அரிக்காதபடி தயாரித்த ஜிஎல்-5 ஆயில்களும் உண்டு. ஆனால் ரிங்குக்குப் பிடிப்பு வேண்டும், ஜிஎல்-5 அந்த இடத்தில் வழுக்கும். கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தனித்தனியாக இருக்கும் அம்பாசடர், ஜீப் வகை வண்டிகளில் பின்னால் ஜிஎல்-5 ஊற்றுவதுதான் முறை. முன்னாலும் அதையே ஊற்றிவிடக் கூடாது.

காவேரிப்பட்டினத்திலிருந்து:

மாங்காய் சீசனில் கூடை ஏற்றவென்று வாங்கிய பழைய வேன், பின்சக்கர டிரைவ். வாங்கும்போது அவ்வளவு சத்தம் இல்லை. ஆனால் காலையில் கியர் போடக் கை வலிக்கும். ஆயிலைக் கழித்துப் பார்த்தால் பாகு போல இறங்கியது, 140. விற்பதற்கு முன் சத்தத்தை மூட ஊற்றியிருக்கிறார்கள். 80டபிள்யூ-90 ஜிஎல்-4 ஊற்றியதும் கியர் இளகியது, ஒளிந்திருந்த சத்தம் முழுசாக வெளியே வந்தது!

நான்காவது கியரில் மட்டும் சத்தம் அடங்கியது. இந்த வகை வண்டிகளில் நான்காவது நேரடி கியர். என்ஜின் இழுவை கீழ் ஷாஃப்ட் வழியாகப் போகாது, அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்றில் சத்தம், நான்கில் அமைதி என்றால் கீழ் ஷாஃப்ட் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆயில் கழிக்கும் அடி மூடியான டிரெய்ன் பிளக்கின் காந்தத்திலும் சான்று இருந்தது. சாம்பல் நிறக் குழம்பு இருந்தால் பயமில்லை, அது சாதாரணத் தேய்மானம். எனக்கு வந்தது நகக்கண் அளவு இரும்புச் செதில். பாக்ஸை இறக்கி பேரிங் மாற்றினோம். இப்போது தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரிலேயே பிடித்து இறக்குகிறேன். முன்பு ஊளை தாங்காமல் நியூட்ரலில் விடத் தோன்றும், அந்த இறக்கத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஓசூரிலிருந்து:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். எல்லா காருக்கும் 90 ஆயில் இல்லை. ஹோண்டா கியர் பாக்ஸுக்கு எம்டிஎஃப் என்ற தனி ஆயில், தொட்டுப் பார்த்தாலே மெல்லிசு. அது கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 என்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று பழைய மாடல் கையேடுகளிலேயே இருக்கும். அதில் போய் 90 ஊற்றினால் தளி பக்கத்துக் குளிரில் கியர் நகரவே நகராது.

இன்னொன்று, கழிக்கும் முன் ஃபில்லர் பிளக் (ஆயில் ஊற்றும் ஓட்டையின் மூடி) திறக்கிறதா என்று பாருங்கள். கீழே கழித்துவிட்டு மேலே பிளக் துருப்பிடித்து நின்றால் வண்டி நகராது. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, புது வாஷர் போட்டு, ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஊற்றுங்கள். வழிந்தது போதும் என்று உடனே மூடாமல், வழிவது நிற்கும்வரை விடுங்கள். அதிகமானால் சீலைத் தாண்டி கிளட்ச் பிளேட்டுக்கு வரலாம்.

கழித்த ஆயிலைக் கறையானுக்கு அடிக்க என்று கேட்டு வாங்கிப்போக ஆள் வருவார்கள். அந்தக் கந்தக நாற்றத்தை வீட்டுக் கதவில் எப்படித்தான் பூசுகிறார்களோ!

பென்னாகரத்திலிருந்து:

அண்ணா, எனக்கு ரிவர்ஸ் போட்டால் மட்டும் கறகற என்கிறது. சில நேரம் முதல் கியரும் பிடிவாதம் பிடிக்கும். குளிர், சூடு வித்தியாசம் இல்லை. ஆயில் கேன் வாங்கி வைத்துவிட்டேன், ஊற்றட்டுமா?

தருமபுரியிலிருந்து:

கொஞ்சம் பொறுங்க தம்பி. என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். அணைத்தால் வழுக்கிக்கொண்டு விழுந்து, ஓடும்போது மட்டும் கறகற என்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். கேபிள் தளர்ந்திருக்கும். அணைத்தபோதும் இறுக்கம் என்றால் லீவருக்கு அடியில் இருக்கும் ராடு, புஷ் பாருங்கள். நியூட்ரலில் நிறுத்தி கிளட்சை மிதித்தும் விட்டும் காது கொடுங்கள். மிதித்தால் சத்தம் நின்றால் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங், மிதித்தால் சத்தம் தொடங்கினால் கிளட்ச் ரிலீஸ் பேரிங்.

பென்னாகரத்திலிருந்து:

கேபிள்தான் அண்ணா. நட்டை முறுக்கி ஃப்ரீ பிளே (கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா ஆடும் அளவு) சரிசெய்ததும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

தருமபுரியிலிருந்து:

சரி, ஆயிலை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய கேனில் ஜிஎல்-5 என்று மட்டும் போட்டிருந்தால் இப்போதே கடையில் கொடுத்து மாற்றிவிடுங்கள். சீலை உடைத்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.