ட்வின் பீக்ஸ் மறுபார்வை: லாராவின் கடைசி அலறலும் அவிழாத முடிச்சுகளும்

கேள்வி

1990 ஏப்ரலில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ட்வின் பீக்ஸ்’ தொடரின் முதல் இரண்டு சீசன்கள், 1992இல் வந்த திரைப்படம், 2017இல் ஷோடைமில் வந்த 18 பகுதிகள் என எல்லாவற்றையும் அதே வரிசையில் மீண்டும் பார்த்து முடித்திருக்கிறேன். முழுக் கதையையும் வெளிப்படையாகப் பேசப் போவதால், இன்னும் பார்க்காதவர்கள் இந்த இழையைத் தவிர்த்துவிடலாம்.

முதல் முறை பார்க்கும்போது பள்ளி மாணவி லாரா பாமரைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்விதான் மனத்தைப் பிடித்து ஆட்டியது. விடை தெரிந்த பிறகு பார்க்கும்போது அந்தக் கேள்வி தானாகப் பின்னுக்குப் போய்விட, அன்று கவனிக்காமல் கடந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக முன்னுக்கு வருகின்றன. அவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடரை உருவாக்கிய டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்ட்டும் வேண்டுமென்றே அவிழ்க்காமல் விட்டவை ஒரு வகை; நடிகர்கள் திரும்பி வராததாலும், தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்கடியாலும், 1991இல் தொடரே நின்றுபோனதாலும் அந்தரத்தில் தொங்கிப் போனவை இன்னொரு வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து விவாதிப்பதால்தான் இந்தத் தொடரைப் பற்றிய பேச்சு எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்பது என் கருத்து.

இரண்டாம் வகைக்கு, கொலையை விசாரிக்க வந்த எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பரின் காதலி ஆனியை உதாரணமாகச் சொல்வேன். 1991 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான இறுதி எபிசோடில் கூப்பர் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டு, ரத்தம் வழியச் சிரித்தபடி, “ஆனி எப்படி இருக்கிறாள்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். ரசிகர்கள் கால் நூற்றாண்டு காத்திருந்த பிறகு வந்த மூன்றாம் சீசனில் ஆனி ஒரு காட்சியில்கூட இல்லை. லாராவின் டைரியிலிருந்து காணாமல் போன தாள்களை ஊர்க் காவல் அதிகாரி ஹாக் கண்டுபிடிக்கும்போது, ஆனி சொல்லிவிட்டுப் போன செய்தியைப் படிக்கிறார்கள். நல்ல டேல், லாட்ஜ் எனப்படும் ஆவிகளின் உலகத்துக்குள் சிக்கியிருக்கிறான் என்பது அதில் தெரிகிறது. ஆனால் அந்தச் செய்தியைச் சொன்னவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று போய்ப் பார்ப்பவர் எவரும் இல்லை.

ஊர் விடுதி உரிமையாளரின் மகள் ஆட்ரி ஹார்ன் எந்த வகை என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வங்கி வெடிவிபத்தில் சிக்கியவள், 2017இல் ஒரு வீட்டுக்குள் சார்லி என்பவரோடு வாதாடிக்கொண்டே இருக்கிறாள்; 16ஆம் பகுதியின் முடிவில் மதுக்கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தவள், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு வெள்ளை அறையில் கண்ணாடி முன்னால் திகைத்து நிற்கிறாள். அவ்வளவுதான், அதன் பிறகு அவளைப் பார்ப்பதே இல்லை.

முதல் வகையில் தலையாயது கடைசிக் காட்சி. கொலை நடந்த 1989 பிப்ரவரி 23 இரவுக்கே திரும்பிச் சென்று, காட்டில் லாராவின் கையைப் பிடித்து அழைத்துப் போகும் கூப்பர், உண்மையில் அவளைக் காப்பாற்றினாரா, அல்லது வேறோர் உலகத்துக்கு இடம் மாற்றிவிட்டாரா? கடைசியில் பாமர் வீட்டு வாசலில் அவள் ஏன் அலறுகிறாள்? ஃப்ராஸ்ட் எழுதிய நூல்களை முதன்மைச் சான்றாக வைக்காமல், திரையில் வந்ததை வைத்தே நண்பர்கள் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

முதல் பதில்

கடைசிக் காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூப்பர் கதவைத் தட்டுகிறார். லாராவின் தாய் சாரா பாமர் திறப்பார் என்று நாமும் எதிர்பார்க்கிறோம். திறப்பவரோ தன் பெயர் ஆலிஸ் ட்ரெமண்ட் என்றும், இந்த வீட்டைத் திருமதி சால்ஃபான்ட்டிடமிருந்து வாங்கியதாகவும் சொல்கிறார். படப்பிடிப்பு நடந்த அந்த வீட்டின் உண்மையான உரிமையாளரையே இந்த வேடத்தில் நடிக்க வைத்திருக்கிறார்கள். நடிகையின் பாவனை ஏதும் இல்லாத அந்த இயல்பான முகம்தான் காட்சியின் திகிலைக் கூட்டுகிறது.

இந்த இரண்டு பெயர்களையும் பின்னோக்கித் தேடிப் பாருங்கள். இரண்டாம் சீசனில் லாராவின் தோழி டோனா, வீட்டுக்கு வீடு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும்போது, பேரனுடன் இருக்கும் முதிய திருமதி ட்ரெமண்ட்டைச் சந்திக்கிறாள். பிறகு லாராவின் தந்தையும் கொலையாளியுமான லேலண்ட் இறக்கும் அதே எபிசோடில், கூப்பரை அந்த வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். கதவைத் திறப்பவர் வேறொரு பெண். தானே திருமதி ட்ரெமண்ட் என்றும், தன் தாய் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார் என்றும், இங்கே முதியவர் யாரும் இல்லை என்றும் அவர் சொல்கிறார். திரைப்படத்தில் அதே பாட்டியும் பேரனும் சால்ஃபான்ட் என்ற பெயரில் டிரெய்லர் பூங்காவில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர்களும் சால்ஃபான்ட்தான் என்று பூங்காவின் மேலாளரே வியக்கிறார். ஆக, கதவைத் தட்டினால் வேறொரு பெண் திறப்பதும், அவளுக்கு முன்னால் இருந்தவர் பெயர் குழப்புவதும் 18ஆம் பகுதியில் புதிதாக வந்தவை அல்ல. லாட்ஜின் ஆட்கள் ஓரிடத்தில் தங்கிவிட்டுப் போனதற்கான அடையாளமாகவே தொடர் இதைத் தொடக்கத்திலிருந்து பயன்படுத்தி வந்திருக்கிறது.

அப்படியானால் கூப்பர் வந்து நிற்கும் இடம் இன்னோர் உலகம் என்பதைவிட, லாட்ஜ் ஆட்கள் முன்கூட்டியே குடியேறிவிட்ட ஒரு பதிப்பு என்பதே பொருத்தம். முதல் பகுதியின் முதல் காட்சியில் ‘ஃபயர்மேன்’ எனப்படும் மாய உருவம் கூப்பரிடம் ‘இப்போது அது நம் வீட்டில் இருக்கிறது’ என்கிறார். 430ஐயும், ரிச்சர்ட், லிண்டா என்ற பெயர்களையும் நினைவில் வைக்கச் சொல்கிறார். கிராமபோனிலிருந்து வரும் ஒரு ஒலியைக் கேட்கச் சொல்கிறார். காட்டில் லாரா கையிலிருந்து நழுவி மறையும்போது கேட்பது அதே ஒலி. முடிவு முதல் காட்சியிலேயே விதைக்கப்பட்டிருக்கும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் பாதியில் விட்டுவிட்டார்கள் என்று சொல்ல இடமே இல்லை.

அலறலைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. “இது எந்த ஆண்டு?” என்று கூப்பர் கேட்டதும், வீட்டுக்குள்ளிருந்து மிக மெலிதாக சாராவின் குரல் ‘லாரா’ என்று கூப்பிடுகிறது. முதல் எபிசோடின் காலையில், மகள் இறந்தது தெரியாமல் மாடியைப் பார்த்துக் கூப்பிடும் தாயின் குரலை அது நினைவூட்டுகிறது. அதைக் கேட்ட கணத்தில் கேரி பேஜ் என்ற பெயரில் ஒடெஸ்ஸாவில் வாழ்ந்துகொண்டிருந்த பெண்ணுக்குத் தான் யார் என்பது தெரிந்துவிடுகிறது. அந்த அலறலில் அந்த வீட்டின் விளக்குகள் அணைகின்றன. நினைவு திரும்பியதுதான் அந்த இருட்டுக்குக் கிடைத்த அடி என்று நான் வாசிக்கிறேன்.

இரண்டாம் பதில்

காட்சியை இவ்வளவு நெருக்கமாகப் படித்ததற்கு நன்றி. எனக்கு முரண்பாடு கேள்வி கேட்டவரின் பிரிவினையோடுதான். ‘வேண்டுமென்றே விட்டது’, ‘சூழ்நிலையால் நின்றது’ என்ற கோடு இந்தத் தொடரில் நிற்காது.

லேலண்டை ஆட்கொண்ட தீய ஆவியான பாப் என்ற பாத்திரமே ஒரு விபத்தில் பிறந்ததுதான். அந்த வேடத்தில் நடித்த ஃபிராங்க் சில்வா அரங்கப் பொருட்களை ஒழுங்குசெய்யும் கலைஞராக இருந்தவர். முதல் எபிசோடின் முடிவில் சாரா அலறி எழும் காட்சியை எடுக்கும்போது, அவருடைய உருவம் கண்ணாடியில் தவறுதலாகப் பதிந்துவிட, லிஞ்ச் அதை நீக்காமல் கதையின் மையத்துக்கே கொண்டுவந்தார். லாட்ஜுக்குள் இருக்கும் சிவப்பு அறையும் அப்படித்தான். ஐரோப்பிய வெளியீட்டுக்காக முதல் எபிசோடுக்கு ஒரு தனி முடிவு தேவைப்பட்டது. 25 ஆண்டுகளுக்குப் பிறகு என்ற குறிப்போடு அதற்காக எடுத்த காட்சிதான் பின்னர் கூப்பரின் கனவாகத் தொடருக்குள் நுழைந்தது. 2017இல் நாம் பார்த்தது முழுவதும் அந்த ஒப்பந்தத் தேவையின் மேல் கட்டப்பட்டது. மறுபுறம், கொலையாளியை வெளிப்படுத்தும் எண்ணம் லிஞ்சுக்கு இருக்கவே இல்லை; நிறுவனத்தின் நெருக்கடியால் 1990 நவம்பரில் அது வெளிவந்தது. அதாவது, இந்தத் தொடரில் தெளிவாக அவிழ்க்கப்பட்ட ஒரே பெரிய முடிச்சு படைப்பாளியின் விருப்பத்துக்கு மாறாக அவிழ்க்கப்பட்டது.

ஆகவே நோக்கத்தை அளவுகோலாக வைக்க முடியாது. கதை அந்த இழையைத் திரும்ப வந்து தொட்டதா, இல்லையா என்பதே சரியான அளவுகோல். மர ஆலை உரிமையாளர் ஜோசி பாக்கார்ட் இறந்தபின் கிரேட் நார்தர்ன் விடுதி அறையின் மேசை இழுப்பறைக் குமிழுக்குள் சிக்கிக்கொண்டதை நினைவிருக்கிறதா? 2017இல் அதே விடுதியில் விளங்காத ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கியதும் ஜோசிதான் என்று பலர் ஊகித்தார்கள். ஆனால் 17ஆம் பகுதியில் அந்த ஒலி, 315ஆம் எண் அறைச் சாவியால் கூப்பர் திறக்கும் அடித்தளக் கதவுக்குக் கொண்டு போகிறது. ஜோசியின் இழை தொடப்படவே இல்லை. அது கைவிடப்பட்டது, அதில் வாதத்துக்கு இடமில்லை. திரைப்படத்தில் எஃப்பிஐ அதிகாரி பிலிப் ஜெஃப்ரீஸாக நடித்த டேவிட் போவியோ 2016 ஜனவரியில் காலமாகிவிட்டார்; ஆனாலும் அந்தப் பாத்திரத்தைக் கைவிடாமல், ஆவி கக்கும் ஓர் இயந்திரமாக்கி, வேறொருவர் குரலில் பேச வைத்தார்கள். நடிகர் இல்லை என்பது எந்த இழையையும் கைவிடக் காரணமாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாம் பதில்

முதல் பதிலில் உள்ள ட்ரெமண்ட் வாசிப்பு மிகவும் வலுவானது. ஆனால் அதன் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 17ஆம் பகுதியில் கரையோரத்தில் கிடந்த பிளாஸ்டிக் சுற்றிய உடல் மறைந்து, முதல் எபிசோடில் அதைக் கண்டெடுத்த பீட் மார்ட்டெல் நிம்மதியாக மீன் பிடிக்கப் போனதும் காட்சி எங்கே போகிறது? சாரா வீட்டுக்கு. அவர் லாராவின் புகைப்படத்தைப் புட்டியால் ஓங்கி ஓங்கிக் குத்துகிறார். கண்ணாடிதான் நொறுங்குகிறது, படத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் பிறகுதான் காட்டில் லாரா காணாமல் போகிறாள். 14ஆம் பகுதியில் சாரா தன் முகத்தையே கழற்றிக் காட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ‘நம் வீட்டில் இருப்பது’ எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, நினைவு அழிந்த ஒரு பெண்ணை இரவெல்லாம் காரோட்டிக் கொண்டுவந்து கதவைத் தட்டுகிறார் கூப்பர். அவள் வீட்டில் சோபாவில் ஒரு பிணம் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. வழியெல்லாம் அவளிடம் ஆறுதலாகப் பேசுவதும் இல்லை. பழைய கூப்பர் ஒரு நல்ல காப்பிக்காக மனம் நெகிழ்ந்தவர். இவரோ கடமையைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதராக இருக்கிறார். திரைப்படத்தில் லாரா, லாட்ஜோடு தொடர்புடைய பச்சைக்கல் மோதிரத்தைத் தானே அணிந்து, பாப் தன்னை ஆட்கொள்ள விடாமல் சாவைத் தேர்ந்தெடுத்தாள். அந்தத் தேர்வைத்தான் கூப்பர் இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார். அலறலில் அவளுக்குத் திரும்புவது அவள் பெயர் மட்டும் அல்ல, அவளுக்கு நடந்த அத்தனையும். அதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8ஆம் பகுதியில், 1956இல் நியூ மெக்சிகோவில், தவளையும் பூச்சியும் கலந்த உயிர் எந்தச் சிறுமியின் வாய்க்குள் புகுந்ததோ அவள் சாராதான் என்பதை ஃப்ராஸ்ட்டின் நூல் குறிப்பால் உணர்த்துகிறது. திரையில் அது சொல்லப்படவில்லை என்பதால் அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைக்கிறேன்.

நான்காம் பதில்

ஆட்ரியைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் சுருக்கமாக. சார்லி அவளை மிரட்டும்போது, உன் கதையையும் நான் முடித்துவிடட்டுமா என்று கேட்கிறார். அதற்கு அவள், தெருக்கோடியில் வாழ்ந்த சிறுமியின் கதையா என்று திருப்பிக் கேட்கிறாள். 18ஆம் பகுதியில் சிவப்பு அறையில் மரமாக நிற்கும் ‘கை’ என்ற லாட்ஜ் உயிர், கூப்பரிடம் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்கிறது. ஆட்ரிக்கும் சார்லிக்கும் இடையில் மட்டும் நடந்த பேச்சு லாட்ஜுக்கு எப்படித் தெரிந்தது? அவள் கோமாவில் இருக்கிறாள், மனநலக் காப்பகத்தில் இருக்கிறாள் என்றெல்லாம் சொல்லப்படும் விளக்கங்கள் இந்த ஒரு வரியின் முன்னால் நிற்பதில்லை. அவள் மகன் ரிச்சர்ட் பாறை மேல் மின்சாரம் தாக்கி இறப்பதும், அவள் வெள்ளை அறையில் விழிப்பதும் 16ஆம் பகுதியிலேயே வருகின்றன என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அந்த வரி இரண்டு இடங்களில் வருவதைக் காட்டியதற்கு மிக்க நன்றி. ஆட்ரியின் இழை கதைக்குள்ளேயே இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. கதை திரும்பத் தொட்டதா என்ற அளவுகோலையும் ஏற்கிறேன். ஆனால் அந்த அளவுகோலின்படியும் ஆனி பாதியில்தான் நிற்கிறாள்: அவள் செய்தி தொடப்பட்டது, அவள் தொடப்படவில்லை.

கூப்பர் லாராவைக் காப்பாற்றினாரா என்பதில் மூன்றாம் பதிலின் பக்கமே சாய்கிறேன். சோபாவில் இருந்த பிணத்தை அவர் கண்டுகொள்ளாமல் போவது எனக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது. மோதிரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். 2014இல் வெளிவந்த, திரைப்படத்திலிருந்து நீக்கப்பட்ட காட்சிகளில், மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் ஆனியின் விரலிலிருந்து பச்சைக்கல் மோதிரத்தை ஒரு செவிலி கழற்றி எடுத்துக்கொள்கிறாள். 2017இல் அந்த மோதிரம், கூப்பரின் தோற்றத்தில் உருவாக்கப்பட்ட டக்கி ஜோன்ஸின் கையில் இருக்கிறது. செவிலியிடமிருந்து டக்கி வரை அது வந்த வழியைத் திரையில் எங்கேனும் யாராவது கவனித்திருக்கிறீர்களா?