பொண்ணுகிட்ட இருந்து போனை வாங்கிப் பூட்டினது தப்பா?

கருவேலம்:
என் பொண்ணுக்கு 13 வயசு. வகுப்புப் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல அவ போட்டோவை ஸ்டிக்கரா மாத்தி, எதுக்கெடுத்தாலும் அதையே போட்டுக் கேலி பண்ணியிருக்காங்க. ராத்திரி 11 மணிக்குப் போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. விலக்கிப் பார்த்தா அழுதுக்கிட்டிருக்கா. அன்னைக்கே போனை வாங்கி பீரோவுல பூட்டிட்டேன், கணக்கையும் அழிச்சாச்சு. இந்த வயசுல போன் குடுத்ததுதான் எல்லாத்துக்கும் காரணம். இல்லேங்கறவங்க சொல்லுங்க.

உப்புக்காற்று:
இல்லேன்னுதான் சொல்வேன் அண்ணா. கேலி பண்ணவங்க போன் அவங்க கையிலயே இருக்கு, உங்க பொண்ணு போன்தான் பீரோவுல. 9ஆம் வகுப்புல எனக்கும் இது நடந்தது. நாலு மாசம் வீட்டுல மூச்சுவிடல. சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்கங்கற பயம்தான். கணக்கை அழிச்சதும் தப்பு, போன்ல இருந்த சாட் மொத்தமும் அதோட போயிடும். இனி எதைக் காட்டிக் கேட்பீங்க?

கருவேலம்:
பள்ளியில வம்பிழுத்தா வீட்டுக்கு வந்தாவது நிம்மதி இருக்கும். இது படுக்கை வரைக்கும் வருதே. ஆதாரம் வேணும்னு அவ ஒவ்வொரு ஸ்டிக்கரையும் திரும்ப உட்கார்ந்து பார்க்கணுமா?

சாக்பீஸ்:
ஆசிரியரா சொல்றேன். அதை அவ பண்ணக் கூடாது, நீங்க பண்ணணும். குரூப்ல இருக்கிற அவ தோழி வீட்டுல பேசி ஸ்கிரீன்ஷாட் வாங்குங்க. அனுப்பினவர் நம்பர், தேதி, நேரம் தெரியணும், வெட்டிச் சுருக்காதீங்க. பள்ளியில வாயால சொன்னா மறந்துடுவாங்க, எழுத்துல குடுங்க. குரூப்பைப் புகார் பண்ணா கடைசி 5 செய்திகள் வாட்ஸ்அப்புக்குப் போகும். யார் புகார் பண்ணாங்கன்னு குரூப்புக்குத் தெரியாது.

இன்ஸ்டாகிராம்ல 2019 முதல் ‘ரெஸ்ட்ரிக்ட்’ இருக்கு. வம்பு பண்றவன் கமென்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும், மத்தவங்களுக்கு அது தெரியலைங்கறது அவனுக்கே புரியாது. பிளாக் பண்ணா இன்னும் மோசமா வருவாங்கன்னு பயப்படுற பிள்ளைங்களுக்கு இது ரொம்ப உதவும்.

இன்னொண்ணு. 18 வயசுக்குள்ள எடுத்த அந்தரங்கப் படத்தை வச்சு யாராவது மிரட்டினா பணம் குடுக்கவே கூடாது, குடுத்தா திரும்பவும் கேட்பான். ‘டேக் இட் டவுன்’னு இலவச சேவை இருக்கு. படம் உங்க போனை விட்டு வெளியே போகாது. அதோட டிஜிட்டல் கைரேகை, அதாவது அந்தப் படத்தை அடையாளம் காட்டுற குறியீடு மட்டும்தான் போகும், அதை வச்சு இதுல சேர்ந்திருக்கிற தளங்கள் படத்தைக் கண்டுபிடிச்சு நீக்கும். இது தெரியாமலேதான் பல பிள்ளைங்க தனியா கிடந்து தவிக்குது.

உப்புக்காற்று:
இதோட, அவ மேல தப்பில்லைன்னு வாய்விட்டுச் சொல்லுங்க அண்ணா. எங்க வீட்டுல யாரும் அதைச் சொல்லல.

கருவேலம்:
நேத்து அவகிட்ட உட்கார்ந்து பேசினேன். “பீரோவைப் பூட்டினப்போ உங்களுக்கு என் மேலதான் கோபம்னு நெனச்சேன்பா”ன்னா. எனக்குப் பேச்சே வரல. சாவியை அவ கையிலயே குடுத்துட்டேன். தோழியோட அம்மா 6 ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்காங்க, திங்கட்கிழமை பள்ளிக்குப் போறோம். ஆனா ராத்திரி 9 மணிக்கு மேல போன் ஹால்லதான். அதுல நான் இறங்கி வர மாட்டேன்.

சாக்பீஸ்:
வர வேண்டாம். உங்க போனும் அங்கேயே இருக்கட்டும்.